மதுரை கனகசபையின் மீன் தொட்டி

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் அம்மையப்பனுக்குப் பயம் கிடையாது. அது அவர் உத்தியோகம். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். இருபத்திரண்டு வருஷமாகக் கால்வாய், மடை, மதகு ஷட்டர், கரை உடைப்பு என்று தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். எங்கே கசிந்தாலும் மணல் மூட்டையோடு போய் நின்று அடைத்துவிடுவார். அவரால் அடைக்க முடியாத ஒரே மடை அவர் மனைவி நீலாம்பாளின் வாய் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். அது பொய். நீலாம்பாள் அதிகம் பேச மாட்டாள். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். அந்த ஒரு தடவையைத்தான் அவரால் தாங்க முடியாது.

தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. சாத்தான்குளத்தில் தங்கைக்குப் பேறுகாலம் என்று நீலாம்பாள் பெட்டியோடு கிளம்பினாள். வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

"சாம்பார்ப்பொடி இங்கன இருக்கு. காபிப்பொடி அங்கன. கேஸை மூடியாச்சான்னு ரெண்டு தடவை பாருங்க. அப்புறம், அந்த மீன் தொட்டிய அசைக்காதிய."

"நான் ஏன் அசைக்கப் போறேன்?"

"டிவியில வெயில் விழுதுன்னு நேத்து அந்த மூலைய அளந்து பாத்தியள்லா?"

"சும்மா அளந்தேன்."

"சும்மா அளக்கதுக்கு ஆபீஸ்லேர்ந்து டேப்பு கொண்டு வருவியளோ?"

அம்மையப்பன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. தச்சநல்லூர் வீட்டின் முன்னறையில் வெயில் விழாத மூலை ஒன்றே ஒன்றுதான். அதில் மூன்றடி நீள மீன் தொட்டி உட்கார்ந்திருந்தது. மற்ற இடத்தில் டிவியை வைத்தால் பந்து போடுகிறவனும் தெரியான், பந்தும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு ரேடியோ போதாதா?

அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மகள் சுகிர்தாவுடையது. பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு சிவில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. அப்பாவைப் போல மகளும் பொறியாளர் என்று அம்மையப்பன் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். லட்டு செரிக்கும் முன்னே அவள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்றாள். பூண்டு வதக்கினாலே ஜன்னலைச் சாத்துகிற சைவ வீடு அது. "சைவப் பிள்ளை மீனப் படிக்கப் போகுதாமே, பரீட்சையில என்ன, கொழம்பா வைக்கச் சொல்லுவாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவருக்குத் தலை தொங்கிவிட்டது.

"இனிமே அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார்.

ஒரு வருஷம் எட்டு மாசம் ஆயிற்று. பேசவில்லை. கோபம் முதல் ஆறு மாசத்திலேயே தீர்ந்துபோனது. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் மகள் சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் ஒரே அறையில் இப்படி நடக்கும்:

"நீலா, பஸ் எத்தனை மணிக்குன்னு கேளு."

"அஞ்சு மணிக்குன்னு சொல்லுங்கம்மா."

"மணி நாலே முக்காலாச்சுன்னு சொல்லு."

"தெரியும்னு சொல்லுங்கம்மா."

நடுவில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற நீலாம்பாள், "நான் பெத்த தாயா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்பாள்.

மகள் போன பிறகு, அவள் விட்டுப்போன நாலு தங்க மீன்களுக்கும் தினமும் காலை ஆறு மணிக்குத் தீனி போடுவது அம்மையப்பன்தான். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். அந்த நாலில் பெரிய மீனுக்கு நெற்றி புடைத்து, கன்னம் தொங்கி, அச்சாக அவருடைய மேலதிகாரியின் முகம். அதற்கு மட்டும் எழுந்து நின்று தீனி போடுவார்.

நீலாம்பாள் ஏறிய பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டியிருக்காது. அம்மையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். பாதித் தண்ணீரை வாளியில் மொண்டார். மிச்சத்தோடு தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் தொட்டியின் மேசைக்கு ஒரு கால் குட்டை என்பது கணக்கில் வரவில்லை. அரை அடி நகர்ந்ததும் மேசை ஒரு பக்கம் சாய்ந்து, 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். சுண்டு விரலைச் சொடுக்கெடுத்த மாதிரி.

கீழ் மூலையில் ஒரு முத்து நின்றது. பிறகு இன்னொரு முத்து. பிறகு கோர்த்த முத்துமாலை.

"ஏ, நில்லுலே!" என்றார் தண்ணீரைப் பார்த்து. நிற்கவில்லை. கைத்துண்டை அடைத்தார். துண்டு நனைந்தது. கோதுமை மாவைக் குழைத்து அப்பினார். அது தோசைமாவாகி வழிந்தது. எத்தனையோ கரை உடைப்பைப் பார்த்தவர், அந்த மூலையைக் கையால் பொத்திக்கொண்டு, "மணல் மூட்டை! மணல் மூட்டை!" என்று யாருமில்லாத வீட்டில் கத்தினார். பிறகு புத்தி வந்து, அடுக்களையில் நீலாம்பாள் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்த பித்தளை அண்டாவில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, நாலு மீனையும் அதில் விட்டார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால், நாலும் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மேலதிகாரி மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அம்மையப்பன் பயந்துபோனார். மனைவி சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிய பயம் இல்லை அது. மகள் சனிக்கிழமை வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைத்தான் பார்ப்பாள். இரண்டு நிமிஷம் அதோடு பேசிவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவாள். அவள் வீட்டுக்கு வருவதற்கு அந்த நாலும் ஒரு காரணம். தன் முகத்துக்காக அவள் வருவாளா என்று அவருக்கு நிச்சயமில்லை.

மீனைப் பற்றித் தெரிந்த ஆள் உலகத்தில் அவருக்கு ஒருத்திதான். அவளிடம் பேச முடியாது. சொன்ன சொல்.

ஆனால் அம்மையப்பன்தானே பேச மாட்டேன் என்றான்? வேறு யாராவது பேசலாமே!

வீட்டுப் போனில் எஸ்.டி.டி. கிடையாது. தெருமுனையில் தங்கத்தாய் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் நம்பரைச் சுழற்றினார்.

"ஹலோ, சுகிர்தாங்கிற பொண்ணுகிட்டப் பேசணும்."

"நீங்க யாரு?" வார்டன் குரல் கண்டிப்பாக வந்தது.

"நான் மதுரை. கனகசபை. மீன் சம்பந்தமா."

கொஞ்ச நேரம் கழித்து, "சுகிர்தா பேசுறேன்" என்று ஒரு குரல். ஒரு வருஷம் எட்டு மாசத்துக்குப் பிறகு நேராக அவர் காதுக்கு வந்த குரல். அம்மையப்பனுக்கு ஒரு கணம் தான் கனகசபை என்பது மறந்துபோயிற்று.

"ஹலோ? யார் சார்?"

"அம்மா, நம்ம மீன் தொட்டி ஒழுகுதும்மா."

"என்னை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"திருநெல்வேலியில ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு. பெரிய இன்ஜினியரு. அம்மையப்பன்னு பேரு. தங்கமான மனுஷன்."

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

"ஓ, அவரா? நல்லா இருக்காரா சார்?"

"ஏதோ இருக்காரு. ஆளுதான் மெலிஞ்சு போயிட்டாரு."

"அப்படியா சார். சரி, மீன் இப்ப எதுல இருக்கு?"

"அண்டாவுல."

"என்ன அண்டா?"

"பித்தளை. புளி போட்டு நல்லாத் தேச்சது."

"ஐயோ! உடனே எடுங்க சார்! பித்தளையில செம்பு இருக்கு, அது மீனுக்கு விஷம். பிளாஸ்டிக் எதுலயாவது மாத்துங்க. தொட்டியில மொண்ட பழைய தண்ணி இருக்கா?"

"வாளியில இருக்கு."

"அதையே ஊத்துங்க. குழாய்த் தண்ணிய ஒரு நாள் திறந்து வச்சிருந்துட்டுத்தான் சேக்கணும்."

"இந்தா ஓடுதேன்!"

"சார், சார்! நாளைக்கு இதே நேரம் கூப்பிடுங்க. தொட்டிய எப்படி ஒட்டுறதுன்னு சொல்றேன்."

அம்மையப்பன் கூண்டை விட்டுப் பாய்ந்தார். தங்கத்தாய், "அண்ணாச்சி, வாயில என்ன, பல்வலியா?" என்றாள். "ஆமா, நாலு பல்லு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நாலு மீனும் பிளாஸ்டிக் டிரம்மில் பழைய தண்ணீரில் விழுந்து, அரை மணி நேரத்தில் நிமிர்ந்து நீந்தின. அம்மையப்பன் டிரம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் கெட்டிக்காரி என்று மார்க் ஷீட்டைப் பார்த்து அறிந்திருந்தார். அவள் சொல்லி உயிர் பிழைத்ததை இப்போதுதான் பார்த்தார்.

மறுநாள் ஆபீசிலிருந்து நேராக ஜங்ஷன் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் சிவசைலம் கண்ணாடி ஒட்டும் பசை ட்யூப் ஒன்றை நீட்டினார்.

"இத வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி. பாத்ரூமுக்குன்னே வந்தது. பூஞ்சை அண்டாது. மருந்து கலந்திருக்கான்."

ஆறரை மணிக்கு அந்த ட்யூபோடு கூண்டுக்குள் நின்றார். பெருமையாகச் சொன்னார்.

"பூஞ்சையக் கொல்ற மருந்து, மீனை மட்டும் கும்பிட்டு விட்டுருமா சார்?" என்றாள் சுகிர்தா. "அது ஆகாது. வெறும் சிலிக்கான் பசை வேணும். ஒரு மருந்தும் கலக்காதது. மீன் தொட்டிக்கு ஆகும்னு ட்யூப்லயே எழுதியிருக்கும். காயும்போது வினிகர் வாசம் அடிக்கும், அதுதான் அடையாளம்னு கடையில கேளுங்க. ஆமா, மதுரையில நீங்க எந்தத் தெரு சார்?"

"கீழ ரதவீதி."

"மதுரையிலயா?"

அம்மையப்பனுக்கு வேர்த்தது. ரதவீதி நெல்லை டவுனில் அல்லவா இருக்கிறது? "இல்லல்ல, மாசி வீதி! ரதம் அந்த வழியாத்தான் போகும். அதைச் சொன்னேன்."

"சரி சார். நாளைக்குக் கூப்பிடுங்க."

"இன்னைக்கே மிச்சத்தையும் சொல்லிட்டா என்னம்மா?"

"அவசரப்பட்டா ஒட்டாது சார்."

வெள்ளிக்கிழமை சரியான ட்யூபும் அதை அமுக்கித் தள்ளும் துப்பாக்கியும் வாங்கினார். அன்றைய பாடம் சுரண்டுவது.

"பழைய சிலிக்கானை முழுசாச் சுரண்டி எடுக்கணும் சார். பிளேடு போட்டு, பொறுமையா. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புதுசு அதுமேல ஒட்டாது. கடைசியா ஸ்பிரிட்டால துடைக்கணும்."

"பழசு மேலயே கொஞ்சம் கனமாப் பூசினா?"

"பூசலாம். பாக்க ஒட்டின மாதிரிதான் இருக்கும். தண்ணி ஊத்தினா மறுபடி அதே இடத்துல விடும். பழசு மனசுல... சாரி, பழசு மூலையில இருக்கிற வரைக்கும் அப்படித்தான் சார்."

அம்மையப்பன் போனை உற்றுப் பார்த்தார். பிள்ளை தொட்டியைத்தான் சொல்கிறாளா?

அன்றைக்கு இந்தியா ஆடியதா, தென்னாப்பிரிக்கா ஆடியதா என்று அவருக்குத் தெரியாது. டிவி வெயிலில் கிடந்தது. தொட்டியை முன்னறை நடுவில் கவிழ்த்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மணிக்கணக்காகச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, லட்டு கொடுத்த நாள், கையெழுத்துப் போட மறுத்த நாள், நீலாம்பாள் தானே போய்க் கையெழுத்துப் போட்டு மகளைச் சேர்த்துவிட்டு வந்த நாள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு நீலாம்பாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சேத்துட்டேன்."

அந்த வாரம் சுகிர்தா வீட்டுக்கு வரவில்லை. அம்மா சாத்தான்குளத்தில் இருக்கிறாளே, வந்து யாரிடம் பேசுவாள்?

சனிக்கிழமை பூச்சு. மூலையின் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே தடவாகத் தடவி, காயுமுன் டேப்பை உரிக்க வேண்டும். முதல் மூன்று மூலை அழகாக வந்தது. நாலாவதில் துப்பாக்கி இறுகிவிட்டது. முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கிப் பார்த்தார். அது சரியாகிவிட்டது. பசை அப்பிய மீசைதான் சரியாகவில்லை, பாதியைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. வீடு முழுக்க ஊறுகாய்க் கடை வாசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன புளிக்குது என்று எட்டிப் பார்த்தார்கள். பாதி மீசையோடு அவர் பூத்துக்குப் போனபோது தங்கத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

"முடிச்சிட்டேம்மா! பைய, அங்கன இங்கன பிசகாம தடவிட்டேன்!"

"நல்லது சார். இனி ஏழு நாள் காயணும். தண்ணி ஊத்தக் கூடாது. தினமும் கூப்பிட்டு எப்படிக் காயுதுன்னு சொல்லுங்க."

"காயுதத எப்படிம்மா சொல்ல?"

"கூப்பிடுங்க சார். கேக்குறேன்."

காய்வதைப் பற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஞாயிறு சொன்னார். திங்கள் சொன்னார். ஆனால் ஆறரை மணியானால் கால் தானாகப் பூத்துக்குப் போயிற்று. மெல்ல மெல்ல வேறு பேச்சு வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? இட்லியை வைத்து மதில் கட்டலாம். கடலில் படகில் போகிறாயாமே, பயமில்லையா? முதல் நாள் வாந்தி, இப்போது இல்லை. மீனை அறுக்கச் சொல்வார்களே, சைவப் பிள்ளை என்ன செய்வாய்? முதல் தடவை அழுதேன் சார். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மையப்பன் கைக்குட்டையை வாயோடு அழுத்திக்கொண்டார். அழுதிருக்கிறாள். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில். அவர் இங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை கேட்டேவிட்டார்.

"ஏம்மா, இவ்வளவு படிப்பு இருக்கு. ஒனக்கு ஏன் இந்த மீன் மேல ஆசை? கோபிச்சுக்காத, கேக்கேன்."

"எங்க அப்பாதான் சார் காரணம்."

"அப்பாவா?"

"சின்னப் பிள்ளையில லீவு விட்டா என்னை ஜீப்புல கால்வாய்க்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஷட்டரைத் தூக்கினதும் தண்ணிய எதுத்து மீன் துள்ளித் துள்ளி ஏறும். ஆளுங்க கத்துவாங்க, மேஸ்திரி கூப்பிடுவாரு. அப்பா எல்லாரையும், 'சத்தம் போடாதிய, எம்மவ மீன் பாக்கா'ன்னு சொல்லுவாங்க. நான் பாத்து முடிக்கிற வரைக்கும் ஷட்டரை இறக்க விட மாட்டாங்க. அங்கதான் சார் ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ."

அம்மையப்பனுக்கு ஞாபகம் இருந்தது. எட்டு வயசு. மஞ்சள் கவுன். மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலை. அவர் ஒரு கையால் அவள் பின்னலைப் பிடித்திருப்பார், விழுந்துவிடக் கூடாதென்று. இத்தனை நாளும் உலகமெல்லாம் யார் இவள் மனசைக் கலைத்தார்கள் என்று தேடினார். கலைத்தவர் அவரே.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. லைன் சரியில்ல." போனை வைத்தார்.

வெளியே வந்ததும் தங்கத்தாய், "அண்ணாச்சி, கண்ணுல என்ன?" என்றாள்.

"வினிகரு" என்றார்.

சனிக்கிழமை தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். அடியில் செய்தித்தாள் விரித்து, பக்கத்தில் முழங்காலிட்டு இரண்டு மணி நேரம் பார்த்தார். காகிதத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. எத்தனையோ பாலம் திறந்திருக்கிறார், மந்திரிமார் ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி நெஞ்சு நிறைந்ததில்லை. மீன்களை விட்டார். தொட்டியை அதே பழைய மூலையில் அங்குலம் பிசகாமல் வைத்தார். மேசையின் குட்டைக் காலுக்கு மரத்துண்டு கொடுத்தார். அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தார். மிச்ச மீசையையும் எடுத்துவிட்டார். தடயம் ஒன்றுமில்லை. அவர் மட்டும் ஒரு திருடனாகப் போயிருந்தால் இந்நேரம் தச்சநல்லூரே காலியாகியிருக்கும்.

ஞாயிறு மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. நீலாம்பாள் இறங்கினாள். பின்னாலேயே சுகிர்தா.

சுகிர்தா செருப்பைக் கழற்றாமல் தொட்டியிடம் போனாள். குனிந்து நாலு மூலையையும் பார்த்தாள். கண்ணாடி மேல் விரலை ஓட்டினாள்.

"தொட்டிய அசைச்சியளா?" என்றாள் நீலாம்பாள்.

"சே! நான் ஏன் அசைக்கேன்?"

"மீசை?"

"வெயிலுக்கு எடுத்தேன்."

நீலாம்பாள் தலையாட்டினாள். அம்மையப்பனுக்குத் தைரியம் வந்தது. பழக்க தோஷத்தில், "நீலா, பஸ்ல உக்கார எடம் கெடச்சுதான்னு அவகிட்டக் கேளு" என்றார்.

"நான் கேக்க மாட்டேன். பத்து நாளா தினம் எஸ்.டி.டி. போட்டுப் பேசின மனுஷனுக்கு, பத்தடி தூரத்துல நிக்குற பிள்ளைகிட்டப் பேச முடியாதோ?"

அம்மையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். "எ... எந்த மனுஷன்?"

"மதுரை கனகசபை" என்றாள் நீலாம்பாள். "தங்கமான மனுஷன்."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முதல் நாளே தெரியும்பா. 'இந்தா ஓடுதேன்'னு நெல்லைத் தமிழ்ல எந்த மதுரைக்காரர் சொல்லுவாரு? மீன மாத்தியாச்சோ என்னவோன்னு பதறிப்போய் அம்மாவுக்கு சாத்தான்குளத்துக்குப் போன் போட்டேன். அம்மாதான் சொன்னாங்க, 'எல்லாத்தையும் ஒரே நாளுல சொல்லிராத, ஒரு நாளைக்கு ஒரு வேலை சொல்லு'ன்னு."

"ஒரே நாள்ல சொல்லியிருக்கலாமா?"

"அஞ்சு நிமிஷம்பா. பாதி அந்த ட்யூப்லயே எழுதியிருக்கு."

"அப்ப ஏழு நாளு காயணும்னது?"

"மூணு நாள் போதும். மிச்ச நாலு நாள் அம்மா சேத்தது."

அம்மையப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் பெட்டியிலிருந்து கருப்பட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"ஹாஸ்டல்ல என்ன நெனைச்சாங்க?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"வார்டன் அம்மா கேட்டாங்க, அந்த மதுரைக்காரருக்கு இன்னும் எத்தனை தொட்டி இருக்குன்னு."

கோபம் வரும் என்று அம்மையப்பன் காத்திருந்தார். வரவில்லை. அது இருந்த இடத்தில் பிளேடு போட்டுச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்திருந்தது. அவர் இரண்டடி முன்னால் வந்தார். கைக்குட்டை இல்லாமல் எப்படிப் பேசுவது என்று ஒரு நொடி தடுமாறினார்.

"சாப்பிட்டியாட்டி?" என்றார்.

"இல்லப்பா."

"மொத தடவ அழுதேன்னியே, ஏன் எங்கிட்டச் சொல்லலே?"

"கனகசபை சார்கிட்டச் சொன்னேன்லாப்பா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அன்று யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. அம்மையப்பன் டேப்பை எப்படி ஒட்டினேன், எப்படி உரித்தேன், மீசையில் எப்படிப் பட்டது என்று நடித்தே காட்டினார். சுகிர்தா படகைப் பற்றிச் சொன்னாள். அவர் படகின் நீளம் அகலமெல்லாம் கேட்டார். அவள் திட்ட அறிக்கை ஒன்று எழுத வேண்டுமாம், அணைகளில் மீன் ஏறிப் போக வழி விடுவது பற்றி. "ஷட்டர் அளவெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அம்மையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ" என்றார்.

சாயங்காலம் மகளைத் தூத்துக்குடி பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் மனைவிக்கு நன்றி என்று ஒன்றைச் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தான் இழந்துகொண்டிருந்தது என்ன என்று தனக்கே தெரியாதபோது, ஒருத்தி சத்தமில்லாமல் அதைப் பிடித்து நிறுத்திக் கையில் கொடுத்திருக்கிறாள். ஏமாந்தோம் என்று வெட்கப்பட்டால் அது நன்றி கெட்ட வேலை. இப்படி ஏமாறக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நீலாம்பாள் காபியோடு வந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நீலா, நீ செஞ்சது சாதாரண காரியம் இல்ல. நான் ஒரு மடையன்."

"மடையத்தான பாத்துக்கிடுதிய. வேற எப்படி இருப்பிய?"

"சிரிக்காத. நெசமாச் சொல்லுதேன். ஒனக்கு என்ன வேணும்னாலும் கேளு. செய்யுதேன்."

நீலாம்பாள் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்தாள்.

"அவரு வீட்டுக் கல்யாணத்துல ஒங்களை ரெண்டாவது பந்தியில உக்கார வச்சிட்டாருன்னு ஒங்க தம்பி கணேஷ்ராம்கூடப் பேசாம மூணு வருஷம் ஆகுது. அம்பாசமுத்திரத்துல அவருக்கு மோட்டார் ரிப்பேர்தான தொழிலு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. காபியக் குடிங்க. நம்ம கெணத்து மோட்டாரு நாளைக்குக் காலையில ரிப்பேராகும்."